சாம்பிள் கொக்கியில் ஒரு வால்

படகில் ஏறுமுன் வழிகாட்டி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசினார். நான் அதைத் தமிழில் மூன்று வாக்கியமாக்கினேன்.

"லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டக் கூடாது. எல்லாரும் ஒரே பக்கம் ஓடக் கூடாது. வாந்தி வந்தா காத்து போற பக்கம் திரும்பி எடுக்கணும்."

இந்த மூன்றையும் அவர் சொன்னது உண்மைதான். மற்றதைத்தான் நான் விழுங்கிவிட்டேன். இது மிருகக்காட்சிசாலை இல்லை, கடல். திமிங்கலம் வருவதும் வராததும் அதன் இஷ்டம். நேற்றுப் போன படகுக்கு ஒன்றும் வரவில்லை. வந்தாலும் அது மூச்சு விடும்போது எழும் நீர்ப்புகையும் முதுகில் கொஞ்சமும்தான் தெரியும். நீலத் திமிங்கலம் முங்கும்போதெல்லாம் வாலைத் தூக்கிக் காட்டாது, வாலை எதிர்பார்த்து யாரும் வர வேண்டாம். இந்தக் கடைசி விஷயத்தை அவர் இரண்டு தடவை சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன்.

பன்னிரண்டு பெண்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருத்தி என் அம்மா.

ஆம்பூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியிலிருந்து இலங்கையின் தென்கரைக்கு வந்திருந்தோம். அந்தப் பன்னிரண்டு பேரும் ஷூவின் மேல்பாகம் தைக்கும் ஒரே லைனைச் சேர்ந்தவர்கள். நான் அதே கம்பெனியின் மாடியில், பணியாளர் நலப் பிரிவில் உட்கார்ந்திருப்பவள். ஒரு சீசன் முழுக்க ஒரு ஜோடிகூடத் திரும்பி வராமல் தைத்துக் கொடுக்கும் லைனை எங்காவது சுற்றுலா அனுப்புகிறேன் என்று ஷூ வாங்கும் வெளிநாட்டு பையர் சொல்லியிருந்தார். அம்மாவின் லைன் ஜெயித்தது. எங்கே போவது என்று அவர்களைக் கேட்டு எழுதித் தரும் வேலை எனக்கு வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். திருப்பதி என்றார்கள், ஊட்டி என்றார்கள். ஒட்டும் பசை பூசும் அக்கா, பேஸ்டிங் அக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள், "எங்கயும் வேணாம் மேடம். ஒரு நாள் வீட்ல தூங்க விட்டாப் போதும்" என்றாள். நான்தான் திமிங்கலம் என்று ஆரம்பித்தேன்.

அதற்கு ஒரு பழைய காரணம் இருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. ஏழாம் வகுப்பில் படிக்கும்போது, உலகத்திலேயே பெரிய உயிர் நீலத் திமிங்கலம், முப்பது மீட்டர் வரை வளரும் என்று பாடத்தில் வந்தது. முப்பது மீட்டர் எவ்வளவு என்று பார்க்க, மரஸ்கேலை வைத்துத் தெருவை அளந்தேன். எங்கள் வாசலில் தலையை வைத்தால் வால் தெருக்குழாயைத் தாண்டி ஆறாவது வீட்டில் முடிந்தது. அந்த நேரத்தில் அம்மா ஷிஃப்ட் முடிந்து டிபன் கேரியரோடு வந்தாள்.

"இன்னாடி, தெருவுல குனிஞ்சுகினு?"

சொன்னேன். அவள் ஆறாவது வீடு வரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இங்கேர்ந்து அங்க வரைக்கும் ஒரே உசுரா? புக்குல போட்டா நெஜமாயிடுமா? எவன் போய் டேப் வச்சான்?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். கோபமில்லை, கிண்டலும் இல்லை. நம்பவில்லை, அவ்வளவுதான். நான் படித்துக்கொண்டு வந்து சொன்ன எத்தனையோ விஷயங்களை அம்மா நம்பியிருக்கிறாள். நம்பாமல் விட்ட இந்த ஒன்று மட்டும் எனக்குள் தங்கிவிட்டது.

அன்று சாப்பாட்டு மேஜையில் பெண்கள் தயங்கியபோது பேசியவள் அம்மாதான். "என் பொண்ணு சொன்னா சரியா இருக்கும். திருப்பதி எங்க போய்டப் போகுது? அங்கயேதான் இருக்கும். இது தண்ணிக்குள்ள ஓடிக்கினு இருக்கிறது, இப்ப பார்த்தாதான் உண்டு." அதோடு முடிவாயிற்று. அதாவது, பயணத்துக்கு யோசனை என்னுடையது, ஜாமீன் அம்மாவுடையது.

வேலூரில் பாஸ்போர்ட்டுக்குக் கைரேகை எடுத்த அன்றே ஒரு தடங்கல் வந்தது. பேஸ்டிங் அக்காவின் விரல்களை மெஷின் ஏற்கவில்லை. பல வருடப் பசையில் அவள் விரல் நுனிகள் வழவழவென்று ஆகியிருந்தன. மறுபடி வை, துடைத்துவிட்டு வை என்றார்கள். "ரேகையெல்லாம் ஷூவோட கப்பலேறிப் போய்டுச்சு சார். நான்தான் பாக்கி, என்னையும் அனுப்பிடுங்க" என்றாள். சிரித்தார்கள். நான்காவது தடவை ஏற்றுக்கொண்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேரை இவ்வளவு தூரம் அம்மா என்றோ சொன்ன ஒரு வார்த்தைக்காக இழுத்துக்கொண்டு போகிறேனே என்றிருந்தது.

ஆனால் பெரிய தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

டூர் கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து ஒரு வண்ணப் படம் அச்செடுத்தேன். உடம்பெல்லாம் கடலுக்குள் இருக்க, வால் மட்டும் நீர் சொட்டச் சொட்ட வானத்தைப் பார்த்து நிற்கும் படம். நோட்டீஸ் போர்டில் இடமில்லை. தீயணைப்புப் பயிற்சி, பி.எஃப்., கண் பரிசோதனை முகாம் என்று நிரம்பியிருந்தது. அதனால் அம்மாவின் லைன் தலைப்பில் இருந்த கொக்கியில் மாட்டிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

ஒவ்வொரு லைனுக்கும் அப்படி ஒரு கொக்கி உண்டு. பையர் பார்த்து, ஒத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ஒற்றை ஷூ சீட்டோடு அதில் தொங்கும். அதுதான் சாம்பிள். சூப்பர்வைசர் ஒன்று சொல்வார், மேனேஜர் வேறொன்று சொல்வார். பெண்கள் இரண்டையும் காதில் வாங்கிக்கொண்டு, எழுந்துபோய்க் கொக்கியைப் பார்த்துவிட்டு வந்து தைப்பார்கள். நூலின் நிறம், மடிப்பின் அகலம், தையல் திரும்பும் இடம் எல்லாம் கொக்கியில் தொங்குவது போலவே வர வேண்டும். இல்லையென்றால் சரக்கு திரும்பி வரும். அம்மா இந்தக் கொக்கியைப் பற்றிப் பேசிப் பேசியே நான் வளர்ந்தேன். மாடியில் இரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்ததும் அது எனக்கு வெறும் ஆணியாகிவிட்டது.

ஐந்து வாரம் அந்த வால் சாம்பிளுக்குப் பக்கத்தில் தொங்கியது. போகிற வருகிற நேரமெல்லாம் பார்த்தார்கள். அந்த லைனின் செக்கர் உருது பேசும் மூத்த பெண், எல்லோருக்கும் பாஜி, அதாவது அக்கா. தைத்து முடித்த ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து பாஸ், ரிஜெக்ட் சொல்பவர். என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும், பேட்டா, பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"வாலுல இடது பக்கம் நுனியில கொஞ்சம் கிழிஞ்சிருக்கு பார் பேட்டா. இதே பீஸ்தான் வருமா, வேற வருமா?"

"இதே மாதிரி வரும் பாஜி" என்றேன்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு போனார். பையர் ஒன்றைச் சொன்னால் அவர் அப்படித்தான் ஆட்டுவார்.

படகு கிளம்பியபோது எல்லோரும் உற்சாகமாக இருந்தார்கள். பேஸ்டிங் அக்கா ஆரஞ்சு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு திரும்பித் திரும்பிக் காட்டினாள். "இன்னாடி, கேஸ் சிலிண்டருக்குப் புது பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்க" என்றார் பாஜி. "மூடிய இறுக்கிக்கோ, வழியில லீக் ஆயிடப் போவுது." கரை சின்னதாகி, ஒரு கோடாகி, பிறகு இல்லாமல் போனது. அலை பெரிதாயிற்று. பாஜி சொன்னது போலவே பேஸ்டிங் அக்காதான் முதலில் வாந்திப் பையை வாங்கினாள்.

ஒரு மணி நேரம் போனது. வெறும் தண்ணீர். ஒவ்வொரு அலையின் முதுகும் எனக்குத் திமிங்கலமாகத் தெரிந்தது. பார்த்ததும் நெஞ்சு எகிறும், அது உடைந்து நுரையாகும், நெஞ்சு கீழே விழும். பக்கத்தில் அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"உட்காரும்மா."

"நான் உட்கார்ந்த நேரத்துல வந்துட்டா?"

அவள் உட்காரவில்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். உட்காருவதற்கு முன் என்னை ஒரு பார்வை, பிறகு அம்மாவை ஒரு பார்வை. அம்மா அதைப் பார்க்காத மாதிரி கடலையே பார்த்தாள்.

நடுவில் டால்பின்கள் வந்தன. ஒரு கூட்டமாகத் துள்ளி, சுழன்று விழுந்தன. படகில் இருந்த வெளிநாட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். நான் ஆசையோடு திரும்பிப் பார்த்தேன், இதுவாவது போதுமா என்று. எங்கள் ஆட்களும் பார்த்தார்கள், ரசித்தார்கள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேற ஆர்டர்" என்றார் பாஜி. சிரிப்பு எழுந்தது. "மேடம், நம்ம வால் எப்போ?" என்று ஒருத்தி கேட்டாள். "வரும்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

இரண்டாவது மணி நேரமும் போனது. ஒன்றுமில்லை. கேள்வி கேட்பதையும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. லைனில் சரக்கு சரியில்லை என்றால் முதலில் சத்தம் வரும். சத்தம் நின்றுவிட்டால் முடிவு செய்துவிட்டார்கள் என்று அர்த்தம். நாங்கள் நாளை மதியமே விமானம் ஏற வேண்டும். இன்னொரு நாள் கிடையாது. ஊருக்குப் போனதும் கேன்டீனில் மற்ற லைன்காரர்கள் கேட்பார்கள். இவர்கள் சொல்வார்கள். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எந்த மேஜைக்குப் போவாள்?

வழிகாட்டி என் அருகில் வந்தார். இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம், பிறகு படகைத் திருப்பிவிடுவோம் என்றார். மெதுவாகச் சேர்த்துக்கொண்டார்: "நான் கரையில் சொன்னதை உங்கள் ஆட்களுக்கு ஒரு முறை ஞாபகப்படுத்திவிடுங்கள். ஏமாற்றம் குறையும்."

ஞாபகப்படுத்த அவர்களிடம் என்ன இருக்கிறது?

கம்பியைப் பிடித்தபடி திரும்பி நின்றேன். "ஒரு விஷயம்" என்று ஆரம்பித்து, அவர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். இஷ்டம் என்றதை, நேற்று வராததை, முதுகு மட்டும்தான் என்றதை. வாலைப் பற்றியதையும் அவர் சொன்னது போலவே இரண்டு தடவை சொன்னேன்.

"இதெல்லாம் எப்ப சொன்னாரு?" என்றாள் ஒருத்தி.

"காலையில. ஏறுறதுக்கு முன்னாடி."

பாஜி கண்ணாடியைக் கழற்றி, உப்புத் தண்ணீரைத் துப்பட்டாவில் துடைத்தார்.

"அவரு ஒரு முழம் பேசினாரு. நீ ஒரு ஜாண் குடுத்த. பாக்கித் துணி எங்கன்னு அப்பவே நெனச்சேன்" என்றார். "பேட்டா, தோல்ல ஓட்டை இருந்தா எப்ப சொல்லணும்?"

அவரே பதிலும் சொன்னார்.

"வெட்றதுக்கு முன்னாடி. அப்ப சொன்னா ஓட்டையை விட்டுட்டு வெட்டுவோம், இல்ல அடியில போற துண்டுக்கு வச்சுப்போம். தச்சி, லேஸ் கோத்து, டப்பாவுல அடுக்குன பிறகு சொன்னா அதுக்குப் பேரு இன்னா?"

"மறைச்சதுங்க பாஜி."

"அவ்ளோதான்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையிலிருந்து முகத்தை எடுத்த பேஸ்டிங் அக்கா, "விடுங்க பாஜி. எனக்கு வாலும் வேணாம், தலையும் வேணாம். தரை வேணும்" என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அவள் பின்கழுத்தையும், காற்றில் அவிழ்ந்து பறந்த நரைமுடியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டும்.

மேல்தட்டிலிருந்து படகுக்காரர் கத்தியது அப்போதுதான். வழிகாட்டி கையை நீட்டினார். வெகுதூரத்தில் ஒரு வெள்ளைப் புகை நேராக எழுந்து, காற்றில் சாய்ந்து, கரைந்தது. படகு திரும்பியது. எல்லோரும் எழுந்தார்கள். "ஒரே பக்கம் ஓடாதீங்க!" என்று நான் கத்தினேன். யாரும் ஓடவில்லை. இருந்த இடத்திலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். காலையில் நான் சொன்ன மூன்றையும் அவர்கள் மறக்கவில்லை.

மறுபடி புகை. இப்போது சத்தமும் கேட்டது, பெரிய பிரஷர் குக்கரைத் திறந்தது போல. புகைக்குப் பின்னால் தண்ணீர் விலகி முதுகு வந்தது.

"வெட் ப்ளூடி" என்றாள் அம்மா.

உண்மைதான். தோல் ஷெட்டில் பதனிடும் பீப்பாயிலிருந்து உருவி எடுத்ததும் ஈரம் வழியத் தொங்கும் தோலுக்கு வெட் ப்ளூ என்று பெயர், அதே நிறம். நீலமுமில்லை, சாம்பலுமில்லை. கல்யாணத்துக்கு முன் அம்மா அதைத்தான் தோளில் சுமந்து உலர்த்தினாள். என்னைவிட அவளுக்கு அந்த நிறம் நன்றாகத் தெரியும்.

முதுகு வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடிந்துவிடும் என்று நினைத்த இடத்தில் முடியவில்லை. அம்மா உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். குனிந்து காதைக் கொடுத்தேன்.

"நம்ம வீடு... டெய்லர் வீடு... மாவு மிஷின்..."

எங்கள் தெரு வீடுகள். எத்தனையோ வருடத்துக்கு முன் நான் ஸ்கேல் வைத்து அளந்தது. மூன்றாவது வீட்டுக்குப் பிறகு ஒரு சின்னத் துடுப்பு தெரிந்தது. அதோடு தண்ணீர் மூடிக்கொண்டது. இன்னும் இரண்டு தடவை மேலே வந்தது. மூன்றாவது தடவை முதுகை உயர்த்தி வளைத்தது. படகில் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள். வால் வரப்போகிறது என்று நானும் நினைத்தேன். வரவில்லை. எண்ணெய் ஊற்றியது போல ஒரு வழவழப்பான வட்டம் தண்ணீரின் மேல் மிதந்தது. அவ்வளவுதான்.

படகு திரும்பியது. எல்லோரும் பாஜியைப் பார்த்தார்கள். பழக்கம். லைனில் அவர் சொல்லாமல் எதுவும் முடியாது.

"தோல் ஏ கிரேடு" என்றார் பாஜி. "கலர் ஓகே. சைஸ் ஓகே. வால் சாம்பிள் மாதிரி வரல. ரிமார்க் போட்டு பாஸ்." பிறகு என்னைக் காட்டி, "ரிமார்க் சரக்குக்கு இல்ல, சாம்பிள் மாட்டுனவளுக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அம்மா அப்போதுதான் உட்கார்ந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூணு வீடுதான் வந்துச்சு" என்றாள்.

"பாக்கி தண்ணிக்குள்ள இருக்கும்மா."

"இருக்கும். இல்லன்னு சொல்லல." பிறகு, "காலையில எனக்காவது தனியா சொல்லியிருக்கலாம்ல?" என்றாள்.

"நீ பேஜாராயிடுவேன்னு..."

"அந்த ஆளு பேசினது எனக்குப் புரியல. நீ பேசினதுதான் புரிஞ்சுது. என்கிட்ட வேற இன்னா இருக்கு, சொல்லு."

கரை வரும்வரை அவள் கண்ணை மூடிக்கொண்டு கம்பியில் சாய்ந்திருந்தாள். அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பிடிக்கவில்லை.

ஊருக்கு வந்த முதல் நாளே கொக்கியிலிருந்து படத்தை எடுத்துவிட்டேன். கேன்டீனில் அம்மா என்ன சொல்கிறாள் என்று பயந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். யாரோ கேட்டதற்கு, "முதுகு பார்த்தோம். மூணு வீட்டு நீளம். வால் பார்க்கல" என்றாள். அவ்வளவுதான். ஒரு வார்த்தை ஜாஸ்தியும் இல்லை, கம்மியும் இல்லை. என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் பொண்ணு சொன்னா சரியா இருக்கும் என்பதையும் சொல்லவில்லை. அது இல்லாதது எனக்கு மட்டும் கேட்டது.

இரண்டு மாதம் கழித்து பையர் வந்தார். அம்மாவின் லைன் தலைப்பில், கொக்கிக்குப் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் பேசினார், தமிழில் சொல்ல நான். முதலில் பாராட்டு. பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த மாடல் அடுத்த சீசனில் இல்லை என்றார். புது மாடல் தயாராக நாளாகும், அதுவரை லைனில் பாதிப் பேரை வேறு பிரிவுகளுக்கு மாற்ற வேண்டியிருக்கும், யார் யார் என்று இன்னும் முடிவாகவில்லை என்றார். மேனேஜர் என் பக்கம் சாய்ந்து, "பாராட்டினார்னு சொல்லிடும்மா. மத்தது அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

பெண்கள் மெஷினிலிருந்து நிமிர்ந்தார்கள். பாஜி கையில் இருந்த ஷூவை மேஜையில் வைத்தார். நடு வரிசையிலிருந்து அம்மா என் வாயைப் பார்த்தாள். கடற்கரையிலும் இப்படித்தான் பார்த்திருப்பாள், நான்தான் கவனிக்கவில்லை. பாராட்டைச் சொன்னேன். பிறகு, மாடல் நிற்பதைச் சொன்னேன். மேனேஜர் தொண்டையைச் செருமினார். பாதிப் பேர் என்றதைச் சொன்னேன். பெயர்கள் முடிவாகவில்லை என்பதை, அவர் ஒரு தடவை சொன்னதை, நான் இரண்டு தடவை சொன்னேன்.

அவர் பேசிய நேரத்தைவிட என் தமிழ் கொஞ்சம் நீளமாகவே போனது. முடித்தபோது லைனில் ஒரு மெஷினும் ஓடவில்லை. அம்மா ஒரு கணம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, நூலை ஊசியில் கோத்து, மெஷினை ஓட்டினாள்.